சம்பந்தத்தைக் கொன்ற பாட்டுகள்

சம்பந்தம் தாம் செத்துப்போன விஷயத்தைக் காய்கறிச் சந்தையில் வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒரு சுரைக்காயை நகத்தால் கீறி "முத்தல்" என்று ஒதுக்கினார். அடுத்ததைத் தூக்கிப் பார்த்து "கோணல்" என்று அதையும் ஒதுக்கினார். கடைக்கார அம்மாள் தெலுங்கில் அவருடைய பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்னாலிருந்து, "யா அல்லா! சார், நீங்களா?" என்று ஒரு குரல் வந்தது.

எதிர் பிளாக்கில் குடியிருக்கும் ஜுலைகா. திருச்சிப் பெண். ஐ.டி. கம்பெனி வேலைக்காக வந்து மூன்று வருஷம் ஆகிறது. பார்த்தால் கையாட்டிவிட்டுப் போகிறவள், அன்றைக்குக் கண் கலங்கி நின்றாள்.

"உங்கள இப்படி நல்லபடியா பாக்குறது எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா சார்? போன மாசம் நான் அழுதுட்டேன்."

"எதுக்கும்மா?"

"நீங்க செத்ததுக்குத்தான் சார். ஏரியில விழுந்து. உங்களுக்கு நீச்சல் வேற தெரியாதாமே?"

நீச்சல் தெரியாது என்பது உண்மை. ஆனால் அது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? சம்பந்தம் அப்போதுதான் எடுத்த மூன்றாவது சுரைக்காயைப் பிடித்தபடியே நின்றார்.

"மாதங்கி ஆன்ட்டி கதையில சார்! அதுக்கு முந்தின மாசம் மொட்டை மாடியிலேர்ந்து விழுந்தீங்க. அதுக்கும் முன்னாடி கரண்ட் கம்பம். ஆன்ட்டி உங்ககிட்ட சொல்றதே இல்லையா?" என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள் அவள்.

சம்பந்தம் கையிலிருந்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வாழ்நாளில் அவர் பரிசோதிக்காமல் வாங்கிய சுரைக்காய் அது ஒன்றுதான். வீட்டில் வெட்டிப் பார்த்தபோது முத்தல்.

விஷயம் இதுதான். ஹைதராபாத் தமிழர்களுக்குச் சங்கம் வைப்பதில் மட்டும் சலிப்பே வராது. பொங்கலுக்கு ஒன்று, பஜனைக்கு ஒன்று, முதலில் வைத்த சங்கத்தின் கணக்கைக் கேட்பதற்கு ஒன்று. இந்த வரிசையில் கடைசியாக முளைத்தது 'பாட்டுப் பட்டறை'. முளைக்க வைத்தவள் அனுபமா. கோயம்புத்தூர்க்காரி, சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். வாரம் முழுக்க ஆட்களை விரட்டி வேலை வாங்கிய பழக்கம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருக்குமா? பட்டான்செரு ரோட்டில் பிள்ளையார் கோயில் மாடி ஹாலைப் பிடித்தாள். ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தாள். மாதம் ஒரு பாட்டு. "கண்ண மூடிக் கேளுங்க. மனசுல என்ன வருதோ அதைக் கதையா எழுதுங்க. எழுதினதப் படிங்க. அவ்வளவுதானுங்க" என்றாள். முதல் கூட்டத்தில் கண்ணை மூடியவர்களில் பாதிப்பேருக்கு வந்தது தூக்கம்தான்.

ஒரே ஒரு விதி வைத்தாள். ஒருவர் படிக்கும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. பேசினால் அடுத்த மாதம் எல்லோருக்கும் சமோசாவும் டீயும் அவர் செலவு. இந்த ஒரு விதியின் புண்ணியத்தில், அந்த வட்டாரத்தில் முதல்முறையாக ஒரு தமிழ்க் கூட்டம் சண்டையில்லாமல் முடிந்தது.

பாட்டு மனிதனுக்குள் என்னென்ன புதுக் கதவுகளைத் திறக்கும் என்று அனுபமா ஒவ்வொரு மாதமும் பேசுவாள். நடந்தது வேறு. கிருஷ்ணபிரசாத் என்று ஒருவர், கடலூர்க்காரர், மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் கெமிஸ்ட். காதல் பாட்டுப் போட்டாலும் தாலாட்டுப் போட்டாலும் அவர் கதையில் மூன்றாவது பாராவில் பாய்லர் வெடிக்கும். ஜுலைகாவுக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் லிஃப்டில் ஒரு பேய் ஏறும். ஆளுக்கொரு கதையை ஏற்கனவே வயிற்றில் கட்டிக்கொண்டுதான் அந்த மாடிப்படியே ஏறி வந்தார்கள். பாட்டு ஒரு சாக்கு, அவ்வளவே.

மாதங்கியின் கதையில் புருஷன் சாவார்.

பாட்டு எதுவானாலும் சரி, ராகம் எதுவானாலும் சரி, சாவார். அந்தப் புருஷன் ரிட்டயரான குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருப்பார். சுரைக்காயைக் கீறிப் பார்ப்பார். எதற்கெடுத்தாலும் "இது ஸ்பெசிஃபிகேஷன்ல இல்லையே" என்பார். பெயர் மட்டும் இருக்காது. பெயர் எதற்கு?

இப்போது சம்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாயவரத்துக்காரர். மீசை முளைத்த சூட்டோடு இங்கே பெரிய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, இரும்பு வார்ப்புகளை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்டராகவே ஓய்வுபெற்றவர். வார்ப்பில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிடுவார். யார் சிபாரிசுக்கும் மசியமாட்டார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சங்கு ஊதியதும் அந்தப் பெயிண்ட் டப்பாவைத் தொழிற்சாலையிலேயே வைத்துவிட்டு வர வேண்டுமா இல்லையா? இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மாதங்கி ஏதாவது சொல்ல ஆரம்பிப்பாள். "வியாழக்கிழமை வாசல்ல ஒரு ஆளு வந்தான்."

"புதன்கிழமை."

"ஹவ், புதனே. கையில பெரிய பை..."

"பையா, பெட்டியா? சரியா சொல்லு."

"பெட்டி மாதிரி பை. அவன் என்ன கேட்டான்னா..."

"பெட்டி மாதிரி எப்படிப் பை இருக்கும்?"

அதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும். முப்பது வருஷத்துக்கு மேலாக மாதங்கியின் வாசலுக்கு வந்த ஒரு ஆள்கூட உள்ளே வந்து சேரவில்லை.

மாதங்கி பிறந்து வளர்ந்தது இதே ஹைதராபாத்தில், லோத்குண்டாவில். அப்பாவுக்கு ராணுவப் பட்டறையில் கிளார்க் வேலை. வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தெருவில் ஹிந்தி. மூன்றும் அவள் வாயில் நடுச்சுவர் இல்லாத வீடு மாதிரி ஒன்றாகக் குடியிருந்தன. ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பாள், ஏன் என்பதற்குத் தெரு ஹிந்தியில் 'கைக்கு' என்பாள். தமிழ் பேசுவாள், எழுத்து வராது. கோயில் ஹாலிலும் தமிழ்க் கதையைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதிப் படித்தாள்.

கல்யாணமான புதிதில் நடந்த ஒன்று. சம்பந்தம் காலை ஷிஃப்டில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "உங்க வீட்டம்மா சொல்லச் சொன்னாங்க. நீங்க அவசரமாம்" என்றார். சம்பந்தம் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு ஓடினார். செருப்பு வார் அறுந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். வாசலில் மாதங்கி ஊறுகாய் பாட்டிலோடு நின்றிருந்தாள்.

"என்னா ஆச்சு? அவசரம்னு சொல்லி அனுப்புன?"

"ஹவ், அவசரமே. மூடி வரல."

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நீங்கள் எனக்கு அவசரம் என்றால் நீங்கள் எனக்கு வேண்டும். பாவம், அவள் அதைத்தான் சொல்லியனுப்பினாள். 'அர்ஜெண்ட்டுன்னா அர்ஜெண்ட்டுன்னே சொல்லியிருப்பேனே' என்று அவளுக்குக் குழப்பம். சம்பந்தம் அங்கேயே, குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க வேடிக்கை பார்க்க, பாடம் நடத்தினார். "வேணும்னு சொல்லு. தேவைன்னு சொல்லு. அவசரம்ங்கறது வேற. எங்க, சொல்லு பாப்போம்!" எல்லோரும் சிரித்தார்கள். மாதங்கியும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் அவரிடம் சொன்னதில்லை. வேணும் என்றும் சொன்னதில்லை. பாட்டிலைக் கதவிடுக்கில் கொடுத்துத் தானே திருகித் திறக்கக் கற்றுக்கொண்டாள். சம்பந்தம் இதைக் கவனிக்கவே இல்லை. பொருளில் குறை இருந்தால்தானே இன்ஸ்பெக்டர் கவனிப்பார்?

சந்தையிலிருந்து திரும்பியவர் மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? 'என்னை ஏன் ஏரியில் தள்ளினாய்?' என்று எந்த ஆம்பிளை கேட்பான்? ஜுலைகாவுக்கு மட்டும் போன் போட்டார். பட்டறையில் எல்லோர் கதையையும் குரலிலேயே பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போடுவார்களாம். ஆன்ட்டியின் சாவுகளை எல்லாம் வரிசையாக அனுப்பி வைத்தாள் அந்தப் புண்ணியவதி. கூடவே ஒரு அழுகிற பொம்மை.

மறுநாள் காலை பார்க்கில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நடந்தார். நிலாப் பாட்டுக்கு, நிலாவைப் பார்க்கப் போய் மாடியிலிருந்து விழுந்திருந்தார். மழைப் பாட்டுக்குக் கரண்ட் கம்பம். ஓடப் பாட்டுக்கு ஏரி. தாலாட்டுக்கு, தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. பக்திப் பாட்டிலாவது முருகன் காப்பாற்றுவான் என்று நம்பிக் கேட்டார். மலைப்படி பாதி ஏறும்போதே மூச்சு நின்றுவிட்டது.

சரி, ஒரு மனுஷனுக்கு இதைக் கேட்டு முதலில் என்ன வர வேண்டும்? துக்கம் வர வேண்டும், இல்லை கோபம் வர வேண்டும். சம்பந்தத்துக்கு வந்தது திருத்தம்.

"கம்பெனி பஸ் அந்த ரோட்டுல போகவே போகாதே!" என்று பார்க் நடுவில் கத்தினார். அது ஊர்வலப் பாட்டுக்கு அமைந்த சாவு. நடந்துகொண்டிருந்தவர்கள் விலகி நடந்தார்கள். "அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் மார் உயரம் இருக்கு, எப்படி விழுவேன்?" என்று போனிடம் வாதாடினார். போனில் இருக்கிற மாதங்கியோ நிற்கிற பேச்சே இல்லை. பட்டனை அமுக்கி நிறுத்தித் திருத்திப் பார்த்தார். மறுபடி அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து அவள்பாட்டுக்குத் தொடர்ந்தாள். எரிச்சலாக வந்தது. இருந்தாலும் கடைசிவரை கேட்டார். கதை நன்றாகத்தான் போயிற்று, அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்தால் காப்பி. டம்ளரை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"என்னங்க, பால் திரிஞ்சிருச்சா?"

"இல்ல இல்ல."

"அப்போ கைக்கு மோந்து பாக்குறீங்க?"

"சும்மாத்தான்" என்று ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு பொத்துப்போனது.

ரத்தப் பரிசோதனை எடுத்தார். இருதயத்தைப் படம் பிடித்தார். எல்லாம் ஸ்பெசிஃபிகேஷனுக்குள் இருந்தது. சாவு பயம் அந்த வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. தீராதது இன்னொன்று. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அதையே போட்டுக் குடைந்துகொண்டிருந்தார். இவளுக்கு நான் வேண்டாமா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சோறு தின்றுவிட்டு, மாதத்துக்கு ஒரு தடவை என்னை வழியனுப்பிவிட்டு நிம்மதியாக வந்து தோசை வார்க்கிறாளா? அவரால் தாங்க முடியவில்லை. சிவப்புப் பெயிண்ட் தம் முதுகிலேயே விழுந்த மாதிரி இருந்தது.

அனுபமாவைப் போய்ப் பார்த்தார்.

"அம்மா, சாவு வராத பாட்டா ஒண்ணு போடும்மா."

"பாட்டு வெறும் ட்ரிகர்தானுங்க அங்கிள்."

"அது தெரியுது. துப்பாக்கி யார்கிட்ட இருக்குங்கறதுதான் என் கவலை."

அவள் சிரித்துவிட்டு, அந்த மாதம் ஒரு கல்யாணப் பாட்டாகப் பார்த்துப் போட்டாள். அன்று சாயந்தரமே ஜுலைகா போன் செய்தாள். "சார், தாலி எடுத்துக் கழுத்துக்கிட்ட கொண்டு போறீங்க..." சம்பந்தம் போனை வைத்துவிட்டார். இந்தத் தடவை கல்யாணம் வரைக்கும்கூட அவரை விட்டுவைக்கவில்லை.

மறுபடியும் போய் நின்றவரிடம், "நீங்களே வாங்களே அங்கிள். பாட்டையும் நீங்களே கொண்டு வாங்க. ஆனா நடுவுல பேசுனா சமோசா, பாத்துக்குங்க" என்றாள் அனுபமா.

சம்பந்தம் தமக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் வார்ப்பு அளப்பது மாதிரி அளந்தார். எல்லாவற்றிலும் எங்கேயாவது ஒரு ஆறோ மலையோ இரவோ இருந்தது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. எந்தக் காலத்திலோ ஓடாமல் போன ஒரு படத்தின் பாட்டு. ஊருக்குப் புறப்படுகிறவனைப் பார்த்து ஒருத்தி, "அவசரம் என்ன, அரை நாழி இரு" என்று பாடுவாள். பாட்டு முழுக்க இரு, இரு என்பதுதான். ஆறு இல்லை, மலை இல்லை, பஸ் இல்லை. 'இதில் எப்படிக் கொல்கிறாள் பார்த்துவிடலாம்' என்று அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"நீங்க கைக்கு வர்றீங்க?" என்றாள் மாதங்கி, செருப்பு மாட்டியபடி.

"சும்மா, பாட்டு கேக்க."

"நடுவுல பேசக்கூடாது. தெரியும்ல?"

"தெரியும் தெரியும்."

அவள் நம்பவில்லை. வழியெல்லாம் முகம் இறுகித்தான் இருந்தது. தனக்கென்று இருந்த ஒரே ஒரு இடத்துக்கும் பெயிண்ட் டப்பா கூடவே வருகிறதே என்று அவளுக்கு இருந்திருக்கும்.

ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர். சம்பந்தம் உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் பேச்சு நின்றது. இத்தனை தடவை காடு வரைக்கும் போனவர் நேரில் நடந்து வந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? கிருஷ்ணபிரசாத் எழுந்து வந்து கையைப் பிடித்து அழுத்தினார். "தைரியமா இருங்க சார்" என்றார். செத்தவருக்கே ஆறுதல் சொன்ன ஆள் அவராகத்தான் இருப்பார்.

பாட்டுப் போட்டார்கள். கண்ணை மூடினார்கள். எழுதினார்கள். சம்பந்தமும் பேனாவைத் திறந்து, 'நீளம் சரி. வயலின் அதிகம்' என்று எழுதினார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். மாதங்கி குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

கிருஷ்ணபிரசாத் முதலில் படித்தார். பாட்டுப் பாடியவள் ஒரு பாய்லர் ஆபரேட்டர். பிரஷர் இறங்க அரை நாழி இரு என்கிறாள், அவன் கேட்காமல் வால்வைத் திறக்கிறான். மூன்றாவது பாரா. அடுத்து ஜுலைகா. ஊருக்குப் புறப்பட்டவன் செத்து வெகுநாள் ஆகியிருந்தது, லிஃப்டில் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். இந்த ஹாலில் சாகிற ஆள் தாம் ஒருவர் மட்டும் இல்லை என்று சம்பந்தத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மாதங்கி எழுந்தாள். ஒருதரம் அவரைப் பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

"அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு."

முதல் வரியிலேயே முடிந்தது! எப்படி, எதனால் என்றுகூடச் சொல்லவில்லை. அரை நாழி இரு என்று பாட்டு கெஞ்சியதற்கு, இவள் ஒரு வருஷம் முன்னாடியே அனுப்பிவிட்டாள். நாலைந்து தலை அனுதாபத்தோடு சம்பந்தத்தின் பக்கம் திரும்பியது.

"ஹால்ல அவர் போட்டோ மாட்டியிருக்கு. தினமும் சாயந்தரம் நான் அதுக்கு முன்னாடி சேர் போட்டு உக்காந்துக்குவேன். அன்னிக்கு நடந்ததெல்லாம் அவர்கிட்ட சொல்லுவேன். பால்காரன் தண்ணி கலக்குறான்னு சொல்லுவேன்."

சம்பந்தத்தின் வாய் திறந்தது. 'பால்காரன் ஏது, நாம வாங்குறது பாக்கெட் பால்' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அனுபமா ஒரு விரலைத் தூக்கினாள். வாயை மூடிக்கொண்டார்.

"நம்ம பொண்ணு பாப்பா போன் பண்ணாள்னு சொல்லுவேன். நான் தமிழ்ல கேட்டேன், அவ தெலுங்குலயே பதில் சொன்னான்னு சொல்லுவேன். வாசல்ல ஒரு ஆளு வந்தான்னு சொல்லுவேன். அவர் கேட்டுக்கிட்டே இருப்பாரு. வியாழன்னு சொன்னா புதன்னு சொல்லமாட்டாரு. பைன்னு சொன்னா பெட்டியான்னு கேக்கமாட்டாரு. மாலைக்கு நடுவுல கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருப்பாரு. உசிரோட இருந்தப்ப இவ்வளவு நல்லா கேக்குற ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சம்பந்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காது இரண்டும் சுட்டது. ஏரியில் தள்ளியதும் மாடியிலிருந்து உருட்டியதும் இந்த நாற்காலியைப் போட்டு உட்காரத்தான் என்று புரிந்தபோது, இத்தனை நாள் கைப்பிடிச் சுவரின் உயரத்துக்காக வாதாடிய தம் மேலேயே அவருக்கு வெட்கமாக வந்தது.

மாதங்கி தாளைத் திருப்பினாள்.

"அக்கம்பக்கத்துல வந்து கேக்குறாங்க. பென்ஷன் வருது, வீடு சொந்தம், பொண்ணு பாத்துக்குறா. இன்னும் தனியா உக்காந்து எதுக்கு அழுவுற, உனக்கு இனிமே அவசரம் என்னன்னு. இந்தப் பாட்டுலயும் அதையேதான் கேக்குறாங்க. அவசரம் என்ன, அவசரம் என்னன்னு. நான் சொன்னேன், மூடி நானே திறந்துக்குவேன். சிலிண்டர் நானே மாட்டிக்குவேன். எனக்கு ஒண்ணும் குறையில்ல. ஆனா எனக்கு அவர் அவசரம்."

படித்துவிட்டு நின்றாள். அவ்வளவுதான் கதை.

யாரும் கைதட்டவில்லை. கடைசி வரி யாருக்கும் பிடிபடவில்லை. படித்து முடித்தாயிற்று, இனிப் பேசலாம். அனுபமா மெதுவாகத் தொடங்கினாள். "அக்கா, கதை ரொம்ப நல்லா இருக்குதுங்க. அந்தக் கடைசி வரி மட்டும்... அவர் அவசரப்பட்டுப் போயிட்டார்னு சொல்ல வர்றீங்களா?"

"அவசியம்னு இருக்கணும்னு நினைக்கிறேன். ரெண்டு எழுத்துதான், மாத்திட்டாப் போச்சு" என்றார் கிருஷ்ணபிரசாத்.

சொல்லிவிட்டு அவர் சம்பந்தத்தைப் பார்த்தார். தப்பைக் கண்டுபிடிக்கிற உத்தியோகத்தில் இருந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருக்கும்போது அவரைக் கேட்பதுதானே முறை? எல்லோரும் பார்த்தார்கள். மாதங்கியும் பார்த்தாள். ஊறுகாய் பாட்டிலோடு வாசலில் நின்ற அதே முகம். இதோ வரப்போகிறது என்று அவள் காத்துக்கொண்டு நின்றது சம்பந்தத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

சம்பந்தம் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அது சரியாத்தான் இருக்கு. மாத்த வேணாம்."

"அர்த்தம் வேறயா ஆகுதேங்க அங்கிள்?"

"லோத்குண்டாவுல இதான் அர்த்தம். எனக்கு நல்லாத் தெரியும். ஒருதடவை ஒத்தச் செருப்போட ஓடி வந்திருக்கேன்" என்றார் சம்பந்தம். சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாதங்கி தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, டீ ஊற்றப் போகிறவள் மாதிரி திரும்பி நின்றுகொண்டாள். முந்தானை கண்ணுக்குப் போய்விட்டு வந்தது. டீ வந்தது. சமோசா ஆறிப்போயிருந்தது. சம்பந்தம் அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பின் சீட்டில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. முன்னால் ஷிஃப்ட் முடிந்து போகிற ஆட்கள். கொஞ்ச தூரம் போனதும் மாதங்கிதான் ஆரம்பித்தாள்.

"நேத்து வெள்ளிக்கிழமை வாசல்ல ஒரு ஆளு வந்தான்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நேற்று எப்படி வெள்ளிக்கிழமை ஆகும்? சம்பந்தத்தின் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஆட்டோ கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். மாதங்கி வழக்கப்படி கொஞ்சம் நிறுத்தினாள். அவர் திருத்துவதற்கென்று எப்போதும் விடுகிற இடைவெளி அது. ஒன்றும் வரவில்லை.

"கையில பெட்டி மாதிரி ஒரு பை..."

நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை. இப்போது அவளுக்கே பயம் வந்துவிட்டது. சட்டென்று திரும்பி அவர் நெற்றியில் கை வைத்தாள்.

"என்னங்க? என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா? பேசுங்களேன்!"

முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர்கூட வேகத்தைக் குறைத்தான்.

"ஒண்ணும் இல்ல" என்றார் சம்பந்தம். "நான் செத்துப்போயிட்டேன். நீ சொல்லு."

மாதங்கி நெற்றியிலிருந்த கையை எடுத்து அவர் கைமேல் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னாள். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த ஆள் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான்.